பாடத்தை மாணவர்களே படித்துப் புரிந்துகொள்ள: அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் பீரியட் பல பள்ளிகளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு மாணவர் எழுந்து பத்தியை உரக்கப் படிப்பார். ஆசிரியர் அதைப் பேச்சுத் தமிழில் விளக்குவார். "இங்கேருந்து இதுவரைக்கும் ரெண்டாவது கேள்விக்குப் பதில், பென்சில்ல கோடு போட்டுக்கோங்க" என்பார். பாடம் முடிந்தது, சிலபஸும் நகர்ந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையைச் செய்தவர் ஆசிரியர் ஒருவர்தான். மாணவர்கள் கேட்டார்கள், கோடு போட்டார்கள்.

விளக்கம் சொல்வது தவறில்லை. ஆனால் விளக்கம் புத்தகத்துக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிட்டால், புத்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமே மாணவருக்கு இல்லாமல் போகிறது. எட்டு வருடம் இப்படியே போனால், ஒன்பதாம் வகுப்பில் யாரும் விளக்காத ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்ததும் நோட்ஸ் தேடுவார்கள். வேறு என்ன செய்வார்கள்? கீழே உள்ள படிகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: மாணவரை மறுபடி மறுபடி வரிக்குத் திருப்பி அனுப்புவது.

கதை படிப்பதும் தகவல் படிப்பதும் ஒன்றல்ல. கதையில் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, "அப்புறம் என்னாச்சு?" என்ற ஒரே கேள்வி கடைசிப் பக்கம் வரை இழுத்துப் போய்விடும். தகவல் சொல்லும் பாடத்தில் அந்த இழுவிசை கிடையாது. காரணம், வகை, ஒப்பீடு, விதிவிலக்கு இவைதான் வரிகளைக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் பத்தி வெறும் வரிக் குவியல்தான்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு மாதிரிப் பத்தியை வைத்துக்கொள்வோம். பாடநூல் நடையில் இந்தக் கட்டுரைக்காக எழுதியது:

"ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலிலிருந்து ஈரப்பதத்தைச் சுமந்துவந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மோதி, மேலெழுந்து குளிர்வதால் அச்சரிவில் பெருமழை பொழிகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்றில் ஈரப்பதம் குறைந்துவிடுவதால், கிழக்கே அமைந்துள்ள தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாக உள்ளது. எனினும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வருவதால், மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இக்காலத்தில் கிடைக்கிறது."

மூன்றே வாக்கியம். நமக்கு அரை நிமிடம். ஏழாம் வகுப்பு மாணவருக்கு இதில் குறைந்தது ஐந்து இடத்தில் கால் இடறும்.

படி 1: முதலில் நீங்கள் படியுங்கள், தெரியாதவர் போல

நாளைக்கு நடத்தப்போகும் பக்கத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, புத்தகம் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது? மேலே உள்ள பத்தியில் காற்று "மேலெழுந்து குளிர்வதால்" என்று வருகிறது. மேலே போனால் ஏன் குளிர வேண்டும்? சூரியனுக்குக் கிட்டே போனால் சூடாகத்தானே வேண்டும் என்று ஒரு மாணவர் நினைத்தால் அதில் தப்பே இல்லை. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. பத்தியில் இது இல்லை. இறங்கும்போது நேர்மாறாகக் காற்று சூடாகிறது, அதனால் மேகம் கலைகிறது. இதுவும் இல்லை.

இரண்டாவது, பத்தி எந்தச் சொல்லில் திரும்புகிறது? இங்கே "எனினும்". அதைத் தவறவிட்டவர், தமிழ்நாட்டில் மழையே இல்லை, ஆனால் பாதி மழை கிடைக்கிறது என்று முரணான இரண்டு செய்திகளைச் சுமந்துகொண்டு போவார்.

எல்லாப் பக்கத்துக்கும் இப்படிச் செய்ய நேரம் கிடைக்காது, தேவையும் இல்லை. ஒரு பாடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாடத்தின் மையக் கருத்து இருக்கும் பக்கமாக இருக்கட்டும். மற்றதை வழக்கம்போல நடத்துங்கள்.

படி 2: படிக்கும் முன் ஐந்து நிமிடம்

1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் திறன் குறைவு, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரியும் என்ற மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியை வைத்து இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருக்கும் பையன் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கரைத்துக் குடிப்பான். கேட்டால், யார் எந்த ஓவரில் அவுட் ஆனார் என்பதோடு ஏன் தோற்றார்கள் என்பதையும் சொல்வான்.

ஆக, படிக்கும் முன் தெரிந்ததைக் கிளறிவிட வேண்டும். பாடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது வேறு, கிளறிவிடுவது வேறு. ஒரு புதிர் போதும்: "ஜூலை மாசம் குற்றாலத்துல அருவி கொட்டுது. அதே ஜூலையில தூத்துக்குடியில வெயில் கொளுத்துது. அவ்வளவு தூரம்கூட இல்ல. ஏன்?" வரும் ஊகங்கள் எல்லாவற்றையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். எது சரி என்று சொல்லாதீர்கள். அந்த ஓரம் பீரியட் முடியும்வரை அழியாமல் இருக்கட்டும்.

'தெரிந்தது, தெரிய விரும்புவது, தெரிந்துகொண்டது' என்று மூன்று கட்டம் போடும் முறை பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வரும். டோனா ஓகிள் 1986-இல் வடிவமைத்தது. நல்ல முறைதான், ஆனால் நடுக் கட்டம் பெரும்பாலும் சடங்காகிவிடுகிறது. எதுவும் தெரியாத விஷயத்தில் என்ன தெரிய விரும்புகிறாய் என்று கேட்டால் பிள்ளைகள் எதையாவது எழுதிவைப்பார்கள். அதற்குப் பதிலாக நான்கு கூற்றுகளை எழுதி 'சரியா, தவறா' என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். "தமிழ்நாட்டுக்கு அதிக மழை ஜூலையில் கிடைக்கிறது" என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும். பந்தயம் கட்டியவர் விடையைத் தேடிப் படிப்பார்.

படி 3: சொற்கள்

கலைச்சொற்களின் பட்டியலை எழுதிப்போட்டு பொருள் எழுதவைப்பதில் பாதி பீரியட் போய்விடும். ஒரு பக்கத்துக்கு மூன்று சொல் போதும். அதிலும், 'மழைமறைவுப் பகுதி' போன்ற சொல்லைப் பத்தியே விளக்குகிறது; அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் படிக்க என்ன மிச்சம்? 'ஈரப்பதம்' போன்றதைத்தான் முன்னால் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தி அதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது.

யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. எனினும், மாறாக, ஆகவே, அதாவது, தவிர, ஏறத்தாழ, பெரும்பாலும், முறையே, சார்ந்து. இவை எந்தக் கலைச்சொல் பட்டியலிலும் வராது. வீட்டுப் பேச்சிலும் வராது. 'எனினும்' என்று அம்மாவிடம் பேசும் பிள்ளை உண்டா? ஆனால் எல்லாப் பாடத்திலும் இவைதான் திரும்பத் திரும்ப வரும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கும் மொழியில், அறிவியல் சொற்களைவிட இவற்றுக்குத்தான் முதலில் நேரம் ஒதுக்குவேன். வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, பாடத்தில் வர வர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பக்கத்தில் பேச்சுவழக்கையும் எழுதுங்கள்: எனினும் – ஆனாலும், ஆகவே – அதனாலதான், மாறாக – அதுக்கு நேர் எதிரா.

படி 4: முதல் வாசிப்பு

ஆளுக்கு ஒரு பத்தி உரக்கப் படிப்பதை விட்டுவிடுங்கள். நாலாவது பெஞ்சில் இருப்பவர் தன் முறை எது என்று எண்ணிக்கொண்டிருப்பார். படிப்பவருக்குக் கவனம் உச்சரிப்பில் இருக்கும், கேட்பவருக்கு எங்குமே இருக்காது.

அதற்குப் பதில், முதல் இரண்டு வரியை நீங்களே படியுங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. இப்படி:

"ஜூன் முதல் செப்டம்பர் வரை... சரி, நாலு மாசம். 'அரபிக்கடலிலிருந்து'... அது நமக்கு மேற்கே. அப்போ காத்து மேற்கேருந்து வருது. 'மேற்குச் சரிவில் மோதி'... கேரளா பக்கம். 'மேலெழுந்து குளிர்வதால்'... இந்த இடம் எனக்கு இடிக்குது. மேல போனா ஏன் குளிரணும்? ஊட்டி, கொடைக்கானல்லாம் குளிருதே, அந்த மாதிரியா? சரி, ஒரு கேள்விக்குறி போட்டுட்டு மேல போறேன்."

நன்றாகப் படிப்பவரும் நடுவில் நிற்பார், திரும்பிப் போவார், சந்தேகத்தைக் குறித்துவைப்பார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. நிற்காமல் படிப்பதுதான் நன்றாகப் படிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு நிமிடம் அந்த நினைப்பை உடைக்கும். பிறகு மீதியை அவர்கள் மௌனமாகப் படிக்கட்டும், கையில் பென்சிலோடு. புரிந்த வரிக்கு ஒரு டிக், இடித்த இடத்துக்குக் கேள்விக்குறி. ஒரு கேள்விக்குறிகூட இல்லாத பக்கத்தைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள், அவர் படித்திருக்க மாட்டார்.

படி 5: நீள வாக்கியத்தைப் பிரிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை எச்சங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். படிப்பவர் எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி முற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பழகியவருக்கு இது தெரியாது. பழகாத பிள்ளை வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல்லைக் கீழே போட்டிருக்கும்.

மாதிரிப் பத்தியின் முதல் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, வினையாக இருக்கும் சொற்களுக்கெல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள். வீசும், சுமந்துவந்து, மோதி, மேலெழுந்து, குளிர்வதால், பொழிகிறது. ஆறு. ஒவ்வொரு வட்டத்துக்கும் "எது?" என்று கேட்டு ஒரு சிறு வாக்கியம் வாங்குங்கள்:

காற்று வீசுகிறது.
காற்று ஈரப்பதத்தைச் சுமந்து வருகிறது.
காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதுகிறது.
காற்று மேலே எழும்புகிறது.
காற்று குளிர்கிறது.
மழை பொழிகிறது.

ஐந்து முறை 'காற்று', ஆறாவதில் 'மழை'. எழுவாய் மாறிய இடம் இதுதான். வாக்கியத்தை ஒரே மூச்சில் படித்த பிள்ளைக்கு இந்த மாற்றம் தெரிந்தே இருக்காது. அடுத்து, "இதுல எது எதுக்குக் காரணம்?" என்று கேட்டு 'குளிர்வதால்' என்பதில் இருக்கும் 'ஆல்' மீது விரலை வைக்கச் சொல்லுங்கள். குளிர்வது காரணம், மழை விளைவு. மோதுவது நேரடிக் காரணம் அல்ல. மலையில் மோதி மேகம் உடைந்து மழை கொட்டுகிறது என்று எழுதும் பிள்ளைகளின் தவறு இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பிரித்ததை மறுநாள் சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு சிறு வாக்கியத்தையும் கொடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல் இரண்டே வாக்கியமாக்கச் சொல்வது. பிரிப்பதைவிட இது கடினம், பலன் அதிகம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சுட்டு. 'அச்சரிவில்' என்றால் எந்தச் சரிவில்? அம்புக்குறி போட்டுப் பின்னோக்கிக் காட்டட்டும். 'இக்காலத்தில்' என்பதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "இந்தக் காலத்துல, அதாவது இப்பல்லாம்" என்று சொல்பவர் இருப்பார். அவர் கணக்கில் முன்பெல்லாம் மழை குறைவு, இப்போது பாதி கிடைக்கிறது! அக்டோபர் முதல் டிசம்பர் என்ற இடத்துக்கு அம்பு போட்ட பிறகுதான் விஷயம் நேராகும். 'அழைக்கப்படுகிறது', 'பயன்படுத்தப்படுகிறது' போன்ற 'படு' வினைகள் வந்தால் "யார்?" என்று கேளுங்கள். புத்தகத்தில் இந்த வகை கொட்டிக் கிடக்கிறது.

படி 6: வடிவத்தை வரைவது

பத்தி எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ற படம் போடுவது. காரணம்–விளைவு என்றால் அம்புகள், ஒப்பீடு என்றால் இரண்டு நெடுவரிசைக் கட்டம், நிகழ்ச்சி வரிசை என்றால் காலக்கோடு. நம் பத்திக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு நெடுவரிசை போட்டு மாதம், எந்தக் கடல், எங்கே மழை என்று நிரப்பலாம். எந்தப் படம் பொருந்தும் என்பதை மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் கட்டத்தை வரைந்துகொடுத்தால் அது கோடிட்ட இடத்தை நிரப்புவதாகிவிடும்.

படி 7: படம், அட்டவணை, வரைபடம்

பீசா (PISA) என்ற, பதினைந்து வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றை ஒட்டி இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசிப்பில் இரண்டுமே பட்டியலின் அடிமட்டத்தில் வந்தன. அந்தத் தேர்வில் பத்திகளோடு அட்டவணை, வரைபடம், படிவம் போன்றவையும் வாசிப்புப் பகுதிகளாகவே கொடுக்கப்பட்டன. நம் வகுப்பிலோ வரைபடம் என்றால் 'பார்த்துக்கோங்க' என்று தாண்டிவிடுகிறோம்.

சென்னையின் மாதவாரி மழையளவு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணையும் படிக்கும் முன், கீழே என்ன எழுதியிருக்கிறது, பக்கவாட்டில் என்ன, அலகு என்ன என்று சொல்லச் சொல்லுங்கள். நவம்பரில் உயரமாக ஒரு தூண், பிப்ரவரி, மார்ச்சில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இப்போது கேள்வி: "பத்தியில எந்த வரிக்கு இந்தப் படம் சாட்சி?" படத்தையும் வரியையும் சேர்த்துப் பார்க்கவைக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சுவாரசியமாகத்தான் இருக்கும், அதனாலேயே மையக் கருத்தைவிட அதுதான் மனதில் நிற்கும்.

படி 8: கேள்விகள்

இந்த வரியைப் படியுங்கள்: "துமிலர்கள் கெறுவை மாதத்தில் சிந்தகப் பாறையைத் தேய்ப்பதால் அதிலிருந்து நிறவம் கசிகிறது." இப்போது கேள்வி: நிறவம் ஏன் கசிகிறது? உங்களால் முழு மதிப்பெண்ணுக்கு விடை எழுத முடியும். வாக்கியத்தில் இருக்கும் பாதிச் சொற்கள் எந்த மொழியிலும் இல்லாதவை.

புக் பேக் கேள்விகளில் கணிசமானவை இந்த வகை. தேர்வுக்கு அவை வேண்டும், தவிர்க்க முடியாது. ஆனால் அதற்கு விடை எழுதியதைப் புரிந்ததற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு கேள்வியாவது வரியைத் தூக்கி எழுத முடியாததாக இருக்கட்டும்:

"மேற்குத் தொடர்ச்சி மலை இல்லாவிட்டால் ஜூலையில் மதுரை எப்படி இருக்கும்?"

"கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. அப்படியானால் பத்தியில் இருப்பது தவறா? எந்தச் சொல் இதற்கு இடம் விட்டிருக்கிறது?" விடை, 'பெரும்பகுதி'. அந்த ஒரு சொல்லைத் தேடி ஒரு வகுப்பே பத்தியை மூன்று முறை படிக்கும்.

இப்போது கரும்பலகை ஓரத்தில் இருக்கும் குற்றாலத்துக்கு வரலாம். குற்றாலமும் மலைக்குக் கிழக்கேதான் இருக்கிறது, அப்புறம் எப்படி? மலையின் அடிவாரத்திலேயே இருப்பதால் மேலே பெய்யும் மழைநீர் அருவியாக இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலும் உள்ளே வருகிறது. தூத்துக்குடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இது பத்தியில் இல்லாத செய்திதான், ஆனால் பத்தியைப் புரிந்தவர் பாதி தூரமாவது தானே வந்துவிடுவார்.

படி 9: மாணவர்களிடம் ஒப்படைப்பது

எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பொருள் பிடிபடாது என்ற நிலையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து பாலின்சார், பிரவுன் இருவரும் 1984-இல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. சிறு குழுவில் மாணவர்களே மாறி மாறி ஆசிரியராக இருந்து நான்கு வேலை செய்வார்கள்: பத்தியைச் சுருக்கிச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது.

நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் நால்வர் குழு என்றால் பத்துக்கு மேல் குழு. இரைச்சலைத் தாங்க முடியாது, தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். முதலில் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாக, சுருக்குவதும் கேள்வி கேட்பதும் மட்டும் போதும். ஒரு பருவம் பழகிய பிறகு மற்ற இரண்டையும் சேர்க்கலாம். குழுத் தலைவர் என்று நன்றாகப் படிக்கும் ஒருவரையே எப்போதும் போடாதீர்கள், அவர் சின்ன ஆசிரியராகி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பழைய கதைதான் மறுபடி.

படி 10: மூடிவைத்து எழுதுவது

புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வாக்கியம். அவ்வளவுதான். பேச்சு நடையில் வந்தாலும் பரவாயில்லை. "மழை எல்லாம் கேரளா பக்கமே கொட்டிருது, நமக்கு வரும்போது காத்துல தண்ணி இல்ல" என்று எழுதிய பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். எழுத்து நடைக்கு மாற்றுவது அதற்கடுத்த வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் புரிந்த பிள்ளையும் புத்தக வரியை ஒப்பித்துத் தப்பித்துக்கொள்ளும்.

ஆங்கில வழி வகுப்பாக இருந்தால்

பத்தி ஆங்கிலத்தில், பிள்ளையின் சிந்தனை தமிழில். அங்கே விளக்கம் புத்தகத்தின் இடத்தைப் பிடிப்பது இன்னும் வேகமாக நடக்கும். படி 2-ம் விவாதமும் தாராளமாகத் தமிழில் இருக்கட்டும். ஆனால் விரல் ஆங்கில வரியின் மேல் இருக்க வேண்டும், "நீ சொன்னது எந்த வரியில இருக்கு?" என்ற கேள்வியை விடக்கூடாது. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும் என்பதால் பிரிக்கும் பயிற்சியை அங்கே எழுவாயையும் வினையையும் தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.

எழுத்தே தடுமாறினால்

வகுப்பில் சிலருக்கு இந்தப் படிகள் எதுவும் உதவாது. 'தொடர்ச்சி' என்ற சொல்லைக் கூட்டிப் படிக்கவே அரை நிமிடம் ஆகிறது என்றால் பொருளுக்கு மனதில் இடமே மிச்சமிருக்காது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்புப் புரிதல். ஒன்று பூஜ்ஜியம் என்றால் மொத்தமும் பூஜ்ஜியம். கண்டுபிடிப்பது எளிது: அதே பத்தியை நீங்கள் படித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். வாயால் சரியாகச் சொன்னால், அவருக்குத் தேவை எழுத்துப் பயிற்சி, தனியாக, தினமும். கேட்டும் புரியவில்லை என்றால் படி 2, 3, 5. இரண்டு வகையினரையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே பயிற்சித்தாளைக் கொடுப்பதில் இருவருக்கும் பயனில்லை.

எவ்வளவு நாளில், எப்படித் தெரியும்?

வாரத்துக்கு ஒரு பீரியட் இதற்கென்று வையுங்கள். முதல் மாதம் படி 4, 5 மட்டும். பருவத் தேர்வு நெருங்கும்போது நிறுத்திவிட்டு, முடிந்ததும் தொடரலாம், நடைமுறை அதுதான். பருவம் முடியும்போது, நடத்தாத பாடத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுங்கள். வானிலைச் செய்தியோ மின்கட்டண விவரமோகூட ஆகலாம். எதுவும் சொல்லாதீர்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் தாளை வாங்கி, மதிப்பெண் போடாமல், கேள்விக்குறிகள் எந்த வரிகளில் விழுந்திருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரே வரியில் குறி போட்டிருந்தால், திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதிப் பிரிக்க வேண்டிய வாக்கியம் அதுதான்.